பிக்பாஸ் ஜோடியைப் பேசுவதும் பக்கத்து சீட்டு ஜோடியைப் பேசுவதும் ஒன்றா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து பிக்பாஸ் பேசுவீர்கள். 2017-ல், முதல் சீசன் போட்டியாளர்கள் ஓவியா, ஆரவ் காலத்தில் தொடங்கிய பழக்கம். யாருக்கு யார் மேல் விருப்பம், யார் நடிக்கிறார் என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. இப்போது உங்கள் பிரிவிலேயே ஒரு பையனும் பெண்ணும் பழகுவதாகத் தெரியவந்து, பேச்சு அவர்கள் பக்கம் திரும்பி, வாட்ஸ்அப் குழு வரைக்கும் போய்விட்டது. ஒரு தோழி, "அது டிவி, இது மனுசங்க, நிறுத்துங்க" என்கிறார். நீங்களோ, "டிவியில் இருப்பவர்களும் மனுசங்கதானே, அவர்களைப் பேசலாம் என்றால் இவர்களையும் பேசலாம், இது தப்பென்றால் அதுவும் தப்பு" என்கிறீர்கள். யார் சொல்வது சரி, குழுவில் போட்டதை அழித்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புறம் பேசலாமா கூடாதா என்பது மட்டும் இதில் கேள்வி இல்லை. இன்னொருவர் காதலைப் பற்றி நமக்கு உண்மையில் எவ்வளவு தெரியும், அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் தொலைக்காட்சி எடிட்டர். பாட்டு, நடனம், போட்டி என்று ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பிக்பாஸில் வேலை செய்ததில்லை. மனநல ஆலோசகரும் இல்லை. அதனால் ஒரு காட்சி எப்படி உருவாகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். அதைப் பார்ப்பவர் மனதில் என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ந்தவர்கள் சொன்னதைத் தாண்டி நான் போக மாட்டேன்.

முதலில் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிடலாம். மற்றவர்களைப் பற்றிப் பேசுவதே கெட்ட பழக்கம் என்று நினைத்து நீங்கள் வருந்த வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 467 பேர் உடலில் சிறு ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, அவர்கள் நாள் முழுக்கப் பேசியதில் இருந்து துண்டு துண்டாகப் பதிவு செய்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிய பேச்சு ஒருவருக்கு ஒரு நாளில் சராசரியாக 52 நிமிடம் வந்தது. அதில் முக்கால் பங்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அவளுக்கு வேலை மாறிவிட்டது, இவன் ஊருக்குப் போயிருக்கிறான் என்கிற ரகம். மனிதர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் இந்தப் பேச்சு இருந்தே தீரும். சங்க அகப்பாடல்களில் ஊர்ப்பெண்கள் கூடி ஒரு பெண்ணின் காதலைப் பற்றிப் பேசுவது எத்தனையோ இடங்களில் வருகிறது. அங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. காதலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம், யாருடைய காதல் என்று மட்டும் சொல்லக்கூடாது. இந்த விதி உங்கள் சாப்பாட்டு மேசைக்கும் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

டிவி ஜோடிகளைப் பற்றிய பேச்சில் ஒரு நல்ல பயன் இருப்பதை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். 2019-ல் மூன்றாவது சீசன் ஓடியபோது கவின், லாஸ்லியா பற்றிப் பேசாத வீடு குறைவு. என் உறவுப் பெண்மணி ஒருவர், காதல் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காதவர், அந்த ஜோடியைச் சாக்காக வைத்துக்கொண்டு தன் மகளிடம் பேச ஆரம்பித்தார். "அந்தப் பையன் பொறுப்பாப் பேசுறானா, அந்தப் பொண்ணு படிப்பும் வேலையும் என்ன ஆகும்?" என்று அவர் கேட்டதெல்லாம் டிவியைப் பற்றிய கேள்விகள் இல்லை. மகளும் அதைப் புரிந்துகொண்டுதான் பதில் சொன்னாள். நம் வீடுகளில் இதைப் பேச வேறு வழி குறைவு. அந்த அளவில் இந்தப் பேச்சை நான் மதிக்கிறேன்.

சரி, இனி என் வேலைக்கு வருகிறேன். ஒரு மணி நேர எபிசோடு என்றால் விளம்பரம் போக முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகக் கையில் இருக்கும். வீட்டுக்குள் நடந்ததோ 24 மணி நேரம், அதுவும் பல கேமராக்களில். ஆக, நீங்கள் பார்ப்பது ஒரு நாளின் சிறு துண்டு. அந்தத் துண்டும் நடந்த வரிசையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். தலையைத் திருப்பி எதையோ பார்க்கிறாள், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகிறது. ரஷ்ஷில், அதாவது வெட்டாத மூலப் பதிவில், முழுசாகப் பார்த்தால், சமையலறையில் ஒருவர் பாலைப் பொங்கவிட்டு அலறியதைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கிறாள். எடிட்டருக்குத் தேவை அந்தச் சிரிப்பு மட்டும், இரண்டு விநாடி. ஒரு பையன் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நடந்துபோகும் ஷாட்டுக்குப் பின்னால் அதை வைத்து, கீழே மெல்லிய பியானோ ஒன்றைப் போட்டால் போதும். அவ்வளவுதான், காதல் வந்துவிட்டது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பையன் நடந்தது உண்மை, அவள் சிரித்ததும் உண்மை. அவனைப் பார்த்துச் சிரித்தாள் என்பதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டது நீங்கள்தான். நூறு வருடங்களுக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் இதைச் செய்து காட்டிவிட்டார். ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக்குப் பக்கத்தில் வைத்தபோது பசியையும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தபோது துக்கத்தையும் பார்த்தவர்கள் அந்த முகத்தில் படித்தார்கள். எடிட்டிங் கற்றுக்கொள்ளும் எவருக்கும் இது ஆரம்பப் பாடம்.

குரலிலும் இதுவே நடக்கும். போட்டியாளர்கள் எந்நேரமும் மைக் மாட்டியிருப்பதால் சொல்லெல்லாம் தெளிவாகக் கிடைக்கும். ஒருவர் பேசும்போது அவர் முதுகோ, எதிரே இருப்பவர் முகமோ திரையில் இருந்தால், கேட்பது ஒரே மூச்சில் பேசியதா, இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியதா என்று உங்களால் சொல்ல முடியாது. வாய் அசைவது தெரிந்தால் நம்பலாம். ஒரே பேச்சுக்குள் ஒருவரின் தலைமுடி ஈரமாகவும் அடுத்த ஷாட்டில் காய்ந்தும் இருந்தால், கையிலிருந்த டம்ளர் காணாமல் போனால், நடுவில் நேரம் தாண்டியிருக்கிறது. ப்ரோமோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை நிமிட ப்ரோமோவின் ஒரே வேலை இரவு உங்களை டிவி முன்னால் உட்காரவைப்பது. ப்ரோமோவை மட்டும் பார்த்து ஒருவர் குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

"எல்லாம் ஸ்கிரிப்ட்தானே" என்றும் உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது. நான் வேலை செய்த நிகழ்ச்சிகளை வைத்துச் சொன்னால், வசனம் எழுதிக்கொடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. ஒரு வீட்டுக்குள் போன் இல்லாமல், செய்தித்தாள் இல்லாமல், கடிகாரம்கூட இல்லாமல் பதினைந்து பேரை வைத்து, வாரா வாரம் ஒருவர் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். யார் யாருடன் சேர்ந்து டாஸ்க் செய்வது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். 1999-ல் நெதர்லாந்தில் ஜான் டி மோல் பிக் பிரதர் நிகழ்ச்சியைத் தொடங்கியபோதே இந்த அமைப்பு இப்படித்தான் இருந்தது. அந்த முதல் வீட்டிலேயே ஒரு ஜோடி உருவாகி, நாடே அவர்களைப் பேசியது. 2006-ல் இந்திக்கு வந்தது, 2017 ஜூனில் கமல்ஹாசன் தொகுப்பில் தமிழுக்கு வந்தது. எந்த மொழிக்குப் போனாலும் சில வாரங்களில் ஜோடி பற்றிய பேச்சு கிளம்பிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தோளில் இன்னொருவர் சாய்வது நடிப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வெளியே வந்த பிறகும் அது நீடிக்குமா என்பது வேறு விஷயம். "நடித்தாள்", "ஏமாற்றினான்" என்று பேசும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இங்கே குறும்படத்தைச் சொல்லாமல் போக முடியாது. முதல் சீசனில் ஜூலி என்ற போட்டியாளர் ஓவியாவைப் பற்றிச் சொன்னது உண்மையா என்று பார்க்க, வார இறுதியில் கமல் பழைய காட்சியைப் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் வீட்டுச் சண்டையில்கூட "குறும்படம் போடுங்க" என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. குறும்படம் நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யார் என்ன சொன்னார், யார் முதலில் கை வைத்தார் என்பதை அது தீர்த்துவைக்கும். ஏன் சொன்னார், மனதில் என்ன இருந்தது என்பதற்கு ஃபுட்டேஜ் கிடையாது. 2022-ல் பிக்பாஸ் அல்டிமேட் 24 மணி நேரமும் ஹாட்ஸ்டாரில் ஓட ஆரம்பித்த பிறகு, நேரலையையும் எபிசோடையும் ஒப்பிட்டு எதை வெட்டினார்கள் என்று கண்டுபிடிக்கும் ரசிகர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன், என் தொழிலுக்கு அது நல்ல கண்காணிப்பு. ஆனால் நேரலையிலும் எந்த நேரத்தில் எந்தக் கேமராவைக் காட்டுவது என்பதைக் கன்ட்ரோல் ரூமில் ஒருவர் தீர்மானித்துக்கொண்டேதான் இருப்பார்.

ஓவியா, ஆரவ் விஷயத்தையே எடுத்துப் பாருங்கள். ஓவியா தன் விருப்பத்தைக் கேமரா முன்னால் மறைக்காமல் சொன்னார். ஆகஸ்டில் வீட்டை விட்டு வெளியேறினார். செப்டம்பர் கடைசியில் ஆரவ் பட்டம் வென்றார். நடுவில், ஆரவ் ஓவியாவுக்குக் கொடுத்த முத்தத்துக்கு "மருத்துவ முத்தம்" என்ற பெயர் ஊரெல்லாம் சுற்றியது. இவையெல்லாம் திரையில் வந்தவை, இவற்றைப் பேசுங்கள். அதைப் பற்றி ஆரவ் சொன்ன பதில் சரியா, மனம் உடைந்திருக்கும் ஒருவரை வீட்டில் மற்றவர்கள் நடத்திய விதம் நியாயமா என்று வாதாடுங்கள். இதெல்லாம் பேச வேண்டியதுதான். "அவனுக்கு அவள் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லை", "அவள் குணமே அப்படி" என்று போகும்போது கண்ணால் பார்த்த இடத்தைத் தாண்டிவிடுகிறோம்.

டிவியில் இருப்பவர்களும் மனுசங்கதானே என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதை உங்கள் தோழி ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பானில் ஒரே வீட்டில் இளைஞர்கள் சேர்ந்து வாழும் டெரஸ் ஹவுஸ் நிகழ்ச்சியில் இருந்த மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, 2020 மே மாதம் 22 வயதில் உயிரை விட்டார். ஒரு எபிசோடில் அவர் கோபப்பட்ட காட்சிக்காகச் சமூக ஊடகத்தில் அவரை வசை பாடியிருந்தார்கள். அதன் பிறகு 2022-ல் ஜப்பான் இழிவுபடுத்தும் குற்றத்துக்குத் தண்டனையை ஓராண்டு சிறை வரை உயர்த்தியது. பிரிட்டனில் காதல் ஜோடிகளையே மையமாக வைத்த லவ் ஐலண்ட் நிகழ்ச்சியில், போட்டியாளர் வெளியே வந்த பிறகு குறைந்தது எட்டு முறை மனநல ஆலோசனை தரப்படும் என்று 2019-ல் சேனல் அறிவித்தது. 2023-ல் இருந்து, அவர்கள் உள்ளே இருக்கும் வரை சமூக ஊடகக் கணக்குகளை முடக்கிவைக்கச் சொன்னது. கணக்கை வெளியே பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் அந்த வசவுகள் போய்ச் சேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். குடும்பம் என்றதும் எனக்கு 2019-தான் நினைவுக்கு வருகிறது. இலங்கைப் பெண்ணான லாஸ்லியாவின் அப்பா பிக்பாஸ் வீட்டுக்குள் வந்து கேமரா முன்னாலேயே மகளைக் கண்டித்தார். வெளியே ஊர் பேசிய பேச்சு அவர் கோபத்தில் தெரிந்தது. தமிழ்நாடும் இலங்கையும் சேர்ந்து அதைப் பார்த்தன. அந்தக் காட்சியைப் பார்த்து அழுதவர்களில் பலர், அதுவரை அந்தப் பேச்சில் கலந்துகொண்டவர்கள்தான்.

ஆனால் சாப்பாட்டு மேசையில் பேசுவதும் சமூக ஊடகத்தில் ஒரு போட்டியாளரின் படத்துக்குக் கீழே எழுதுவதும் ஒன்றல்ல. மேசையில் பேசியது ஓவியா காதுக்குப் போகாது. எழுதியது போகும். பேச்சு எத்தனை பேருக்குத் தீங்கு செய்கிறது, எந்த அளவு வசையில் ஒருவர் உடைவார் என்பதையெல்லாம் ஒரு எடிட்டராக நான் அளந்து சொல்ல முடியாது. சம்பந்தப்பட்டவர் கண்ணில் படும்படி எழுதாதீர்கள் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

இனி உங்கள் ஆபீஸ் ஜோடி. இங்கேதான் உங்கள் வாதம் நிற்கவில்லை. போட்டியாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு, தன்னைப் பார்ப்பார்கள் என்று தெரிந்து உள்ளே போனவர். உங்கள் சக ஊழியர் வேலைக்கு வந்தவர். அவரைப் பற்றி உங்களிடம் இருப்பது என்ன? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டீ குடிக்கப் போனார்கள், ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள், போனில் ஒரு பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இவை எல்லாம் நான் சொன்ன அந்த இரண்டு விநாடிச் சிரிப்பைப் போன்றவை. பக்கத்தில் எதை வைக்கிறீர்களோ அதற்கேற்ப அர்த்தம் மாறும். டிவியில் ரஷ் என்று ஒன்றாவது எங்களிடம் இருக்கும், தேவைப்பட்டால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் மேசையில் அதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு ஷாட் கொண்டுவந்து ஒட்டுகிறீர்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத் தமிழ்நாட்டில் சொல்லாமல் விடக்கூடாது. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த இன்ஜினியரிங் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் கூடப் படித்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அவர் தலித், அந்தப் பெண் வேறு சாதி. கோயில் சிசிடிவி காட்சி வழக்கில் முக்கியமான சாட்சியானது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் முதல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து இருந்ததை ஒரு கூட்டம் பார்த்து, அதற்கு அதுவாகவே ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டதில் போன உயிர் அது. உங்கள் குழுவில் இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குழுவிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அந்தப் பெண்ணின் சொந்த ஊருக்குப் போக எத்தனை கை மாற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் வீட்டில் யார் எப்படி, அந்தப் பையன் வீட்டில் யார் எப்படி என்பது உங்களுக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரிந்ததால்தான் அவர்கள் இருவரும் வெளியே சொல்லாமல் இருக்கிறார்களோ என்னவோ.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தப் பையன் அவளுக்கு மேலதிகாரியாக இருந்து, அவள் விருப்பமில்லாமல் நடக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் அதைப் பேசாமல் இருப்பதுதான் தப்பு. ஆனால் பேச வேண்டிய இடம் சாப்பாட்டு மேசை இல்லை. முதலில் அவளிடம் தனியாக, "உனக்கு ஏதாவது தொந்தரவா?" என்று கேளுங்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அவள் விரும்பினால் அங்கே போக உடன் நில்லுங்கள்.

மற்றபடி, குழுவில் போட்டதை அழிக்கலாமா என்று கேட்டீர்கள். இன்றே அழியுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க, அனுப்பியதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு அழித்தால் உங்கள் போனில் மட்டும்தான் போகும். பழையது நிறைய இருந்தால் குழுவில் வெளிப்படையாகவே, "இவர்கள் பெயர் வரும் மெசேஜை எல்லோரும் அவரவர் போனில் அழித்துவிடுவோம், யாரும் வெளியே அனுப்ப வேண்டாம்" என்று எழுதுங்கள். உங்கள் தோழி முதல் ஆளாகச் சம்மதிப்பார், மற்றவர்களும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாளை மதியம் யாராவது மறுபடி அந்தப் பக்கம் பேச்சை இழுத்தால், நேற்றைய எபிசோடில் தலைமுடி ஈரமாக இருந்த ஷாட்டைக் கவனித்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக டிவிக்குத் திரும்பிவிடும்.